பத்தாவது முடித்த பையன் ஐடிஐ போகிறேன் என்கிறான், விடலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பில் 500க்கு 291 வாங்கியிருக்கிறான். ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) ஃபிட்டர், அதாவது இயந்திர பாகங்களை அளவாக ராவிப் பொருத்தும் தொழில், படிக்கச் சேர்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பிளஸ் ஒன்னில் சேர்த்து, அப்புறம் எப்படியாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜில் போட்டுவிடலாம் என்கிறார்கள். "ஐடிஐ படித்தால் பிறகு மேலே படிக்க முடியாமல் போய்விடுமா? நாளைக்கு நாலு பேர் முன்னால் மரியாதை இருக்குமா?" இதுதான் அவர் கேட்டது.

ஐடிஐயா இன்ஜினியரிங்கா என்று கேட்பது போல இருந்தாலும், அம்மா, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. பதினைந்து வயதில் பையன் எடுக்கும் முடிவு அவனை ஒரு மூலையில் கொண்டுபோய் விட்டுவிடுமோ என்ற பயம் ஒன்று. சொந்தக்காரர்கள் வாய்க்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை இன்னொன்று. முதலாவதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, பார்த்ததைச் சொல்ல முடியும். நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, திருச்சியில் அப்ரண்டிஸ் (தொழிற்சாலையிலேயே வேலை பழகும் பயிற்சி) முடித்து, பிறகு 28 ஆண்டுகள் ஃபிட்டர் பயிற்றுநராக இருந்தவன். ஓய்வுபெற்று இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். மற்ற டிரேடுகளை (தொழிற்பிரிவுகளை)ப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்த நண்பர்களிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேல்படிப்பு. பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவன் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்த நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. கலந்தாய்வு பல ஆண்டுகள் நம் காரைக்குடி அழகப்பச் செட்டியார் இன்ஜினியரிங் காலேஜில்தான் நடந்தது. தமிழ்நாடு முழுவதிலுமிருந்து டிப்ளமோ முடித்த பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ வழியாகப் போனால் இரண்டும் நான்கும் ஆறு ஆண்டு. ஐடிஐ வழியாகப் போனால் இரண்டும் இரண்டும் மூன்றும் ஏழு ஆண்டு. ஓர் ஆண்டுதான் கூடுதல். ஆனால் இந்த வழியில் நடுவில் எங்கே நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் ஒரு சான்றிதழும் ஒரு தொழிலும் இருக்கும். பி.இ. மூன்றாம் ஆண்டில் அரியரோடு நின்றுபோன பையனிடம் அப்படி எதுவும் இருக்காது. அது மட்டுமில்லை, பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவன் பிளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றால், பிளஸ் டூவுக்கு இணையான சான்றையும் தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. பிளஸ் டூ கேட்கும் தேர்வுகளுக்கும் பட்டப்படிப்புக்கும் அது உதவும். இதை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். ஐடிஐ முடித்த கையோடு அந்த இரண்டு தாளையும் எழுதிவிடச் சொல்லுங்கள். வேலைக்குப் போன பிறகு புத்தகம் எடுக்கிற பையன்கள் குறைவு.

ஆக, கதவு அடைபடாது. ஆனால் வாசலில் ஒரு படி உயரமாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேராகப் போய் உட்காரும் ஐடிஐ பையனுக்குக் கணிதம் கடினமாக இருக்கும். முதலாண்டில் மற்றவர்கள் படித்த கணிதத்தை இவன் படித்திருக்க மாட்டான். என்னிடம் படித்து டிப்ளமோ போனவர்களில் திணறியவர்கள் பெரும்பாலும் திணறியது கணிதத்தில்தான். ஐடிஐ படிக்கும் இரண்டு ஆண்டும் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள் தப்பித்தார்கள்.

இனி உங்கள் பையன் போகிறேன் என்கிற இடத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். அது தெரியாமல்தான் வீட்டில் பாதிப் பேர் பேசுகிறார்கள். இப்போதைய பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம் வகுப்பு என்றால் அதில் 840 மணி செய்முறை. ஃபிட்டரில் சேர்ந்த பையனுக்கு முதல் வாரங்களில் எந்த மெஷினும் கிடையாது. பெஞ்ச் வைஸில் ஒரு இரும்புத் துண்டை இறுக்கிக் கொடுத்து, கையில் ஓர் அரத்தைக் கொடுப்போம். மேல் பக்கம் மட்டமாக ராவு, பக்கத்துப் பக்கம் அதற்கு 90 டிகிரியில் ராவு. அவ்வளவுதான் வேலை. எல்லாப் பையனும் முதல் நாள் அரத்தைப் போகும்போதும் அழுத்துவான், வரும்போதும் அழுத்துவான். அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தினால் அரத்தின் பல்தான் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது இடது கையில் அழுத்தம் கூட இருக்க வேண்டும், தள்ளி முடிக்கும்போது வலது கைக்கு மாற வேண்டும், நடுவில் இரண்டும் சமம். இதைப் போர்டில் எழுதிப்போட்டால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரிய ஒரு மாதம் ஆகும்.

அதுவரை துண்டின் ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகவே இருக்கும். பையன் "சார், மட்டமாயிருச்சு" என்று கொண்டுவருவான். ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) அதன் மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அவனையே பார்க்கச் சொல்வேன். ஸ்கொயருக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கோடாக ஒழுகும். எதுவும் பேசாமல் திரும்பிப் போவான். இப்படி இருபது தடவை, முப்பது தடவை. ஒரு நாள் வெளிச்சம் வராது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்தாவது வரை "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று கேட்டுக்கேட்டு வந்த பிள்ளை, தன் கையால் ஒன்றைச் சரியாகச் செய்து முடித்ததை முதல் முறையாகக் கண்ணால் பார்க்கிறான். அடுத்த மாதம் நுண்ணிய அளவு பார்க்கும் வெர்னியர் காலிபரில் 0.02 மில்லிமீட்டரைப் பற்றித் தானாகவே பேசுவான். 291 மதிப்பெண் பையனுக்கு இது வருமா என்று கேட்டால், மதிப்பெண்ணுக்கும் இதற்கும் நான் பெரிய தொடர்பு எதையும் பார்க்கவில்லை. பொறுமைக்கும் இதற்கும் நிறையத் தொடர்பு உண்டு. உங்கள் வீட்டில் மிக்சி, சைக்கிள் ஏதாவது கெட்டுப்போனால் பையன் கழற்றிப் பார்ப்பானா, கழற்றியதைத் திருப்பி மாட்டும்வரை உட்கார்ந்திருப்பானா? இரண்டாவதுதான் முக்கியம்.

கை வழியாக அறிவு ஏறுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஆத்தங்குடியில் போய் ஒரு தரைக்கல் போடுவதைப் பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு நிறமாகச் சிமெண்டு வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்குவார்கள். தூக்கும்போது கை லேசாக ஆடினாலும் நிறங்கள் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்ளும். அந்தத் தூக்கலுக்கு எந்தப் புத்தகத்திலும் விளக்கம் இல்லை. வட்டித்தொழில் நடத்திய நகரத்தார்களும் பையன்களை இப்படித்தான் ஆளாக்கினார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாகப் போனவன் கடையைக் கூட்டி, பேரேட்டை எடுத்துக் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கணக்குப் படித்தான். பிறகு அடுத்தாள் ஆனான். கெட்டிக்காரன் மேலாள் ஆகிக் கடையையே நடத்தினான். அப்படி வெளிநாடுகளில் வளர்ந்த வணிகப் பரம்பரையில் வந்த வள்ளல் அழகப்பர்தான் காரைக்குடியில் கல்லூரிகளைக் கட்டினார், சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1953இல் அது திறக்கப்பட்டது. அவர் கட்டியதில் பாலிடெக்னிக்கும் உண்டு, இன்ஜினியரிங் காலேஜும் உண்டு. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று பிரித்துப் பார்த்திருந்தால் இரண்டையும் கட்டியிருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடப்புத்தகம், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அதே தொகை.

எந்த ஐடிஐ என்பதில்தான் நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டு இருக்க வேண்டும். இதில் நானே தவறு செய்திருக்கிறேன். என் அக்கா மகன் பத்தாவது முடித்தபோது, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக ஒரு தனியார் ஐடிஐயில் சேரட்டும் என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் போனேன். லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்) வரிசையாகப் பளபளவென்று நின்றன. கீழே டிரேயில் ஒரு துளி இரும்புச் சுருள் இல்லை. ஆய்வுக்கு வரும்போது மட்டும் உறையை எடுப்பார்கள் என்று பையன் சொன்னான். இரண்டாண்டு முடித்து, சான்றிதழும் வாங்கி, முதல் கம்பெனியில் டூலைக் கையில் கொடுத்தபோது எப்படி மாட்டுவது என்று தெரியாமல் நின்றான். அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் சொல்கிறேன், சேர்ப்பதற்கு முன்னால் வேலைநாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப் சத்தமாக இருக்க வேண்டும். லேத்துக்கு அடியில் சுருள் கிடக்க வேண்டும். வெல்டிங் ஷெட்டில் எரிந்து தீர்ந்த ராடு முனைகள் ஒரு டப்பா நிறையக் கிடக்க வேண்டும். பையன்களின் உள்ளங்கையைப் பாருங்கள், காய்த்திருந்தால் நல்லது. அப்புறம் ஆபீசில் போய், நீங்கள் சேர்க்க நினைக்கும் டிரேடுக்கு, நிலையத்துக்குப் பொதுவாக இல்லை, அந்த டிரேடுக்கே மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) உண்டா என்று கேளுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று விளம்பரம் செய்யும் குறுகிய பயிற்சிகள் வேறு, ஐடிஐ வேறு. அந்தச் சான்றிதழை வைத்து மேலே நான் சொன்ன பாலிடெக்னிக் வழி திறக்காது. உங்களுக்குப் பக்கத்தில் அமராவதிபுதூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்போது, இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். ஐடிஐ முடித்தவுடன் தொழில் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்து வரும் அப்ரண்டிஸ் காலம்தான் அவனைத் தொழிலாளி ஆக்கும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 2019 விதிகளில் மாதம் 7,000 ரூபாய். சேரும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடித்தால் ஐடிஐ சான்றுக்கு மேல் தேசிய அப்ரண்டிஸ் சான்று கிடைக்கும். திருச்சி பெல் (பிஹெச்இஎல்), பொன்மலை ரயில்வே பணிமனை, நமக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் திருமயம் பெல் என்று பெரிய இடங்கள் இருக்கின்றன. ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு அங்கே லெவல் 1 (தொடக்கநிலை) பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அதற்கும் தேர்வு எழுதித் தேற வேண்டும், சும்மா கூப்பிட்டுக் கொடுத்துவிட மாட்டார்கள்.

பையன்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். என்னிடம் ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவன் கெட்டிக்காரன், ராவினால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு சின்னக் கம்பெனியில் அப்ரண்டிஸ் தொகையைவிட நாலாயிரம் அதிகமாகக் கொடுத்தார்கள் என்று நேராகப் போய்விட்டான். ஒரே மெஷின், ஒரே வேலை, காலை முதல் இரவு வரை ஒரே துளை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தத் துளையைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு வரவில்லை, கற்றிருந்ததும் மறந்திருந்தது. இன்னொருவன் சுமாரான பையன். வீட்டில் கஷ்டம் இருந்தும் அம்மா பிடிவாதமாக அப்ரண்டிஸுக்கு அனுப்பினார். ஓராண்டில் அசெம்பிளி, மெயின்டனன்ஸ், இன்ஸ்பெக்‌ஷன் என்று எல்லா செக்‌ஷனிலும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். டிராயிங்கைப் பார்த்துத் தானே வேலையைத் திட்டமிடக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு அவன்தான் மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறான். ஐடிஐ முடிந்த அந்த மாதம், வீட்டில் பணம் தேவைப்பட்டாலும், பையனை அப்ரண்டிஸுக்கே அனுப்புங்கள் அம்மா. என்னிடம் கேட்ட ஒவ்வொரு பெற்றோரிடமும் இதைத்தான் மன்றாடிக் கேட்டிருக்கிறேன்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து என்ன சம்பளம் வரும் என்று யாராவது உங்களிடம் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஊரைப் பொறுத்து, டிரேடைப் பொறுத்து, எல்லாவற்றுக்கும் மேல் பையனைப் பொறுத்து அது மாறும். ரோபோவும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு ஃபிட்டர் எதற்கு என்று உங்கள் கொழுந்தனார் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் மேம்படுத்தி, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்), தொழிற்சாலை ரோபோ, மின்வாகனம் என்று புது டிரேடுகளைக் கொண்டுவந்ததே இந்த மாற்றத்துக்காகத்தான். சிஎன்சி மெஷினில் தவறான அளவு வந்தால் எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பவன் அடிப்படை தெரிந்தவனாகத்தான் இருக்கிறான், அது நான் பார்த்தது. இன்னும் இருபது வருடத்துக்கும் அப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. இன்ஜினியரிங் முடித்தவனுக்கும் அப்படிச் சத்தியம் செய்ய ஆளில்லை.

வெளிநாட்டு ஆசை நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் இல்லை. வெல்டர், எலக்ட்ரீசியன், பைப் ஃபிட்டர்களுக்கு வளைகுடாவில் வேலை உண்டு. சிங்கப்பூருக்கு ஸ்கில் (தொழில்திறன் தேர்வு) அடித்துவிட்டுப் போகிறவர்களை உங்களுக்கே தெரியும். ஆனால் பதினெட்டு வயதில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பதிவுபெற்ற ஏஜெண்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்கிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம். அப்ரண்டிஸ் முடித்து, இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போகிறவன் அங்கேயும் ஹெல்பராக நிற்க மாட்டான்.

எல்லாப் பையனுக்கும் ஐடிஐதான் என்று நான் சொல்ல வரவில்லை. கணிதத்தில் ஆசையுள்ள பிள்ளை, மெஷின் எப்படி ஓடுகிறது என்பதைவிட ஏன் ஓடுகிறது என்று கேட்கிற பிள்ளை பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல் எடுத்துப் படிக்கட்டும், நல்ல காலேஜ் கிடைத்தால் தாராளமாக இன்ஜினியரிங் போகட்டும். நான் பயப்படுவது "எப்படியாவது ஒரு காலேஜ்" என்ற அந்தச் சொல்லைத்தான். விருப்பமில்லாத பையனை, பார்க்காத ஒரு காலேஜில், நகையை வைத்துச் சேர்த்து, நான்கு வருடம் கழித்து டிகிரியும் முடியாமல் தொழிலும் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை எங்கள் தெருவிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பகலில் வெளியே வருவதில்லை.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், பேச்சு வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டுவிட்டு, ஐடிஐ என்றதும் அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார்கள். எனக்குப் பெண் பார்த்தபோதே ஒரு வீட்டில் அப்படி நடந்தது. அந்த வயதில் வலித்தது. உங்கள் பையனுக்கும் வலிக்கும். அந்த வலி பெரும்பாலும் வேலைக்குப் போன இரண்டு மூன்று வருடத்தில் குறைந்துவிடுகிறது, மாதம் தவறாமல் சம்பளம் வரும் பையனைத் தேடிப் பெண் வீட்டார் வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து வரும் சொல் குறைவதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் "உனக்குப் படிப்பு வரல, அதான் அங்கே போற" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், பையன் ட்ரை ஸ்கொயரைத் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்கும். அவன் சேர்வதற்கு முன்னால் அவர்கள் இருவரிடமும் நீங்கள் பேசிவிட வேண்டும். முடிந்தால் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், போட்டோ இவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் அதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், சேர்க்கை நெருங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. டிரேடு வரிசையில் முதலில் ஃபிட்டரைப் போடுங்கள், அது அவன் ஆசை. அடுத்து டர்னர் அல்லது மெஷினிஸ்ட் போட்டால் ஏறக்குறைய அதே வேலை உலகம்தான். எலக்ட்ரீசியனை மூன்றாவதாக வைக்கலாம், நம் ஊரில் வீட்டு வேலைக்கும் ஆள் தேடுகிறார்கள். பொதுச் சேவை மையத்தில் வேறு யாரோ கிளிக் செய்ய விடாமல், அந்த வரிசையைப் பையனே உட்கார்ந்து போடட்டும்.